பயம் வரும் அளவுக்குக் காற்று

என் வீட்டுக்காரர் வெங்கடசுப்ரமணியனுக்கு வாழ்நாள் முழுக்க ஒரே உத்தியோகம்தான், பயப்படுவது. சம்பளம் வாங்கியதென்னவோ வேறு வேலைக்கு. இன்சூரன்ஸ் கம்பெனிக்காக விபத்தில் நசுங்கிய வண்டிகளைப் பார்த்து, எதனால் நசுங்கியது என்று எழுதிக் கொடுக்கும் சர்வேயர். ஓசூர் ரோட்டிலோ தும்கூர் ரோட்டிலோ லாரி கவிழ்ந்தால் போய் நிற்பார். பார்த்ததை அங்கேயே விட்டுவிட்டு வரவும் தெரியாது. நான் ரசம் பரிமாறும்போது, "அலமேலு, அந்த வண்டியில டயர்ல காத்து கம்மி. அவ்வளவுதான் காரணம். முழுக் குடும்பமும் போயிடுத்து" என்பார். அப்புறம் எனக்கு எங்கே சோறு இறங்கும்?

அலர்மேல்மங்கை என்று பெரியவர்கள் ஆசையாக வைத்த பெயரை அவர்தான் அலமேலு ஆக்கினார். முழுப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயமாக இருக்கும். அவருடைய அப்பா மைசூர் சர்க்கார் உத்தியோகத்துக்காக இங்கே வந்தவர். அதனால் இவருக்கு வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் கன்னடம். இரண்டு பாஷையிலும் சரளமாகப் பயப்படுவார்.

பசவனகுடியில் நிம்மதியாக இருந்தோம். எங்கள் பிள்ளை அச்யுத் வைட்ஃபீல்டில் ஒரு வில்லா வாங்கினான். வாங்கிய கையோடு கம்பெனி அவனை ஹைதராபாத்துக்கு மாற்றியது. வீட்டைப் பூட்டிப் போடக் கூடாதென்று நாங்கள் குடிவந்தோம். ஏரிக்கரை வில்லா என்று விளம்பரம் போட்டிருந்தார்கள். ஏரிக்குள்ளேயே வில்லா என்பது பெரிய மழை வந்தபோதுதான் தெரிந்தது.

அதற்குள் எனக்குச் சிறுநீரகம் கைவிட்டிருந்தது. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். அதற்காக என் இடது கையில் இரண்டு ரத்தக் குழாய்களை ஒன்றாகச் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் விரலை வைத்தால் தோலுக்கு அடியில் கிர்ரென்று ஓடுவது தெரியும். ஓடுகிறவரை ஊசி போடலாம். நின்றுவிட்டால் மறுபடி ஆப்பரேஷன், கழுத்தில் குழாய், எல்லாம் முதலிலிருந்து. தினமும் காலையில் காபிக்கு முன்னால் என் வீட்டுக்காரர் வந்து என் மணிக்கட்டுக்கு மேல் இரண்டு விரலை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். பிறகு, "ஓடறது" என்பார். அதற்கப்புறம்தான் அடுப்பில் பால் ஏறும். அந்தக் கையால் நான் ஒரு சொம்பு தண்ணீர் தூக்கிவிட்டால் போதும், வீடு இரண்டாகிவிடும்.

போன வருஷம் ஏரி நிரம்பி வழிந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. மெயின் கேட்டில் இடுப்பளவுத் தண்ணீர். டிராக்டர் வந்தது. லேப்டாப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு ஏறினார்கள், நாய்க்குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறினார்கள். வீங்கின காலோடு அந்த டிரெய்லரில் ஏற எனக்கு முடியவில்லை. அன்றைக்கு டயாலிசிஸ் தப்பிப் போயிற்று. மறுநாள் காலையில் என்னால் படுக்கவே முடியவில்லை, படுத்தால் மூச்சு முட்டியது. உடம்பில் தேங்கிய நீர் நெஞ்சுக்கு ஏறிவிட்டதாம். வெளியேயும் தண்ணீர், உள்ளேயும் தண்ணீர். கடைசியில் காவலாட்கள் என்னை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய் ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். பெருமாள் புண்ணியத்தில் பிழைத்தேன். அந்த நாற்காலியை என் வீட்டுக்காரர் இன்றுவரை வீட்டுக்குள் சேர்க்கவில்லை.

அதற்குப் பிறகுதான் எங்கள் லேஅவுட் சங்கம் ஒரு வண்டி வாங்கியது. மூடிப்போன ஏதோ ஒரு சாகச விளையாட்டு இடத்தில் ஓடிய பழைய வண்டி. முன்னால் ஒரே பெஞ்சு சீட்டில் மூன்று பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம். பின்னால் சாமான் போட ஒரு தொட்டி. மேலே கூரை, கதவுக்குப் பதில் வலை. யு.டி.வி. என்று அதற்குப் பெயர். காவலாட்கள் குட்டி ஜீப் என்றார்கள். நம்பர் பிளேட் கிடையாது, ரோட்டில் ஓட்டக் கூடாது. வெள்ளம் வந்தால் பின்பக்கக் கேட்டைத் திறந்து, காலி மனையைத் தாண்டி, மேட்டில் ஏறி, தார் ரோட்டு ஓரம் ஆளை இறக்கிவிட வேண்டும். அங்கிருந்து டாக்ஸி பிடித்துக்கொள்ளலாம். அந்தக் காலி மனைக்கும் மேட்டுக்கும் பக்கத்திலேயே ராஜகாலுவே ஓடுகிறது. ஊர் மழைத் தண்ணீரெல்லாம் போகும் பெரிய கால்வாய், ஆள் விழுந்தால் தேட வேண்டியதுதான்.

வண்டி வந்தது சரி. டயர் நாலும் தேய்ந்து மொழுக்கென்று இருந்தன. புது டயர் போட வேண்டும், எந்த டயர் என்று தேர்ந்தெடுக்க வண்டி விஷயம் தெரிந்த ஆள் வேண்டும். சங்கத் தலைவி பார்கவி நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

"அங்கிள், நீங்கதான் பாக்கணும். எந்த டயர் வேணா போடுங்க. ஆனா உள்ள ரோட்ல பதிச்ச கல்லு பேந்துடக் கூடாது. கோல்ஃப் கார்ட்டுக்குப் போடறாங்களே, மெத்துன்னு, அது இருக்கட்டுமே?"

"அது புல்லு மேல போறதும்மா. சேத்துல போனா வழுக்கிண்டு எங்கேயோ போய் நிக்கும்."

"வெள்ளம் வருஷத்துக்கு ரெண்டு நாள் அங்கிள். கல்லு வருஷம் பூரா இருக்கும்."

நான் சமையலறையிலிருந்து, "நானும் வருஷம் பூரா இருக்கலாம்னு பாக்கறேன் பார்கவி" என்றேன். அவள் முகம் சிவந்துவிட்டது. நல்ல பெண்தான், ஆனால் அந்தக் கல் மேல் அவளுக்கு அப்படி ஒரு பாசம்.

அன்றிலிருந்து ஆரம்பித்தது எனக்குச் சனியன். காலை முதல் மாலை வரை போனில் டயர் வீடியோ. எந்த நாட்டுக்காரனோ சேற்றில் வண்டியை இறக்கி உறுமவிடுவான், வீடு முழுக்கச் சேறு தெறிக்கும் சத்தம். சுப்ரபாதம் கேட்ட வீடு. "ஏன்னா, அவன் அமெரிக்காச் சேத்துல ஓட்டறான். நம்ம சேறு என்னன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று ஒரு நாள் கத்தினேன். சும்மா வாயை வைத்துக்கொண்டு இருந்திருக்கலாம். மறுநாள் என் குடையை எடுத்துக்கொண்டு பின்பக்கக் கேட்டைத் தாண்டிப் போய்விட்டார். ஈரமான இடமெல்லாம் குடையின் முனையைக் குத்திக் குத்திப் பார்த்துவிட்டு வந்தார். வரும்போது கையில் ஒரு பாட்டில் நிறையச் சேறு. யாருடைய பாட்டில்? என் ஆவக்காய் பாட்டில். ஜாடியிலிருந்து எடுத்து வைக்கக் கழுவிக் காய வைத்திருந்தேன்.

"ஐயோ, என்னத்தைச் சொல்றது உங்களை!"

"சாம்பிள் அலமேலு. மண்ணைப் பாக்காம டயர் வாங்கறது குருட்டுத்தனம்."

அந்தப் பாட்டிலோடு, வண்டி சாமான் கடைகள் வரிசையாக இருக்கும் ஜே.சி. ரோட்டுக்குப் போனோம். எனக்கு டயாலிசிஸ் இல்லாத நாள். தனியாகப் போகவிட்டால் மனுஷர் ஒரு முடிவுக்கும் வராமல் திரும்புவார் என்று நானும் கூடப் போனேன். கடைக்காரர் பெயர் ரெமிஜியஸ். ஜீவனஹள்ளிக்காரர், ஜீப்புக்கும் காட்டு வண்டிக்கும் டயர் போடுகிறவர். பாட்டிலைத் திறந்து முகர்ந்து பார்த்தார்.

"இன்னா சார், ஊறுகா வாசனை அடிக்குது?"

"அது பாட்டில். மண்ணைப் பாருங்கோ. குடை ஒரு சாண் இறங்கறது, அப்புறம் டக்குனு நிக்கறது. அடியில கெட்டி."

"அப்டின்னா நல்லது சார்." ரெமிஜியஸ் மூன்று டயர்களை உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். முதலாவதில் ரப்பர் கட்டைகள் உயரம், நடுவில் அகல இடைவெளி. "இது முழுச் சேத்துக்கு. நல்லா வாரித் தள்ளும். ஆனா நின்ன எடத்துலயே சுத்துச்சின்னா குழி தோண்டிக்கும். உங்க கல்லு பூராவும் பேத்துடும்." இரண்டாவதில் கட்டைகள் குட்டை, நெருக்கம். "இது கல்லுக்கு, மண் ரோடுக்கு. சேறு அப்பிக்கிச்சின்னா வழவழன்னு ஆயிடும்." மூன்றாவது இரண்டுக்கும் நடுவே. "இது போதும் சார் உங்க மண்ணுக்கு. அடியில கெட்டி இருக்குதுன்றீங்க, அதப் போயி புடிச்சிக்கும்."

வாங்கிக்கொண்டு வந்திருக்க வேண்டியதுதானே? என் வீட்டுக்காரர் ஒவ்வொரு கட்டையையும் விரலால் அழுத்தினார், இடைவெளியில் நகத்தை விட்டார். இது தோண்டுமா, அது வழுக்குமா, இது அப்பிக்குமா என்று சுற்றிச் சுற்றிக் கேட்டார். "யோசிச்சுட்டு வரேன்" என்று வெறுங்கையோடு கிளம்பினார். அப்புறம் எத்தனை தரம் அந்தக் கடைக்குப் போனார் என்று எனக்குக் கணக்கில்லை. பெரிய சைஸ் போட்டால் வண்டி உயரும், தண்ணீருக்கு நல்லது என்று யாரோ சொல்ல, அதற்காக ஒரு வாரம் தூக்கமில்லை. உயர்த்தினால் சாயும், சாய்ந்தால் கால்வாய் என்று அதையும் அவரே தள்ளினார். மழையோ தினமும் சாயங்காலம் பெய்ய ஆரம்பித்துவிட்டது. எனக்கு உள்ளூரக் கிலி பிடித்தது. எந்தச் செவ்வாயோ, எந்த வியாழனோ?

ஒரு நாள் பொறுக்க முடியாமல், "ஏன்னா, டயர் இல்லாத வண்டியில என்னை எப்படி ஏத்துவேள்? திரும்ப அந்த நாற்காலியா?" என்று கேட்டுவிட்டேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பவும் காலி மனைக்குப் போனார். அங்கே மண்ணோடு மண்ணாகக் கட்டட இடிபாடு கிடப்பதையும், உடைந்த கான்கிரீட்டிலிருந்து கம்பி நீட்டிக்கொண்டிருப்பதையும் பார்த்துவிட்டு வந்தார். நசுங்கிய வண்டி பார்த்த கண் இல்லையா? அன்றைக்கே போன் செய்தார். "ரெமிஜியஸ், நடுவுல இருந்ததே, அதுதான். ஆனா பக்கச் சுவர் கெட்டியா, எட்டு மடிப்பு இருக்கறதா குடுங்கோ. கம்பி குத்தினா தாங்கணும்." ரெமிஜியஸே, "சரியா சொன்னீங்க சார்" என்றாராம். அதை என்னிடம் பல தடவை சொல்லிவிட்டார்.

டயர் மாட்டுகிற அன்றைக்கு நாலு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தோம். பார்கவி தன் பிரியமான கல்லின் மேலேயே தேங்காய் உடைத்தாள். ரெமிஜியஸ் நேரில் வந்து மாட்டினார். கடைசியில் காற்று அளக்கும் மீட்டரைக் காட்டினார்.

"பன்னெண்டு. அவ்ளோதான் சார். கார் மாதிரி முப்பது புடிச்சிடாதீங்க. கல்லு மாதிரி ஆயிடும், சேத்துல பரவாது, சும்மா சுத்தும். பாக்கறதுக்கு தொப்ப வுழுந்த மாதிரிதான் இருக்கும். அப்டியே இருக்கட்டும்."

என் வீட்டுக்காரர் தலையை ஆட்டினார். ஆட்டின தலையின் உள்ளே என்ன ஓடியது என்று எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும். காற்றுக் குறைந்த டயரால் போனவர்களைப் பற்றியே ஆயுசு முழுக்க எழுதியவர். அவரிடம் போய்த் தொப்பை விழுந்த டயரைக் காட்டி, இதுதான் உன் பெண்டாட்டியைக் காப்பாற்றும் என்றால்?

தினமும் காலையில் என் கையைத் தொட்டு "ஓடறது" என்றதும் நேரே வண்டி ஷெட்டுக்குப் போவார். டயர்களைப் பார்த்துக்கொண்டே நிற்பார். போகிற வருகிறவர்களும் சும்மா விடவில்லை. இந்த ஊரில் பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க யாருக்கும் நேரம் கிடையாது. டயரில் காற்றுக் குறைந்திருந்தால் மட்டும் பைக்கை நிறுத்திச் சொல்லிவிட்டுத்தான் போவார்கள். பால்காரர் சொன்னார். கூரியர்காரர் சொன்னார். கேப் டிரைவர் ஒருவர், "காளி கம்மி இதே சார்" என்று கன்னடத்தில் எச்சரித்தார், காற்றுக் கம்மியாக இருக்கிறதாம். இவர் ஒவ்வொரு தரமும் வீட்டுக்குள் வந்து ரெமிஜியஸுக்குப் போன் போடுவார். "பன்னெண்டுதானே?" "பன்னெண்டுதான் சார்." பாவம் அந்த மனுஷர், கோபப்படவே இல்லை.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை காலையில் ஷெட்டிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். முகத்தில் ஒரு நிம்மதி. இரண்டாம் காபி கேட்டார். பகலில் சிறிது தூங்கக்கூடத் தூங்கினார். அட, மனுஷருக்குப் பயம் தெளிந்துவிட்டதே என்று எனக்கும் சந்தோஷம். அன்று மாலை பிடித்த மழை விடவே இல்லை.

சனிக்கிழமை விடிந்தபோது மெயின் கேட் பாதி முழுகியிருந்தது. டயாலிசிஸுக்குக் கிளம்ப வேண்டிய நாள். வண்டி ஓட்டுகிறவர் பச்சைமுத்து, எங்கள் லேஅவுட் காவலாளி, குடும்பம் ஈஜிபுராவில். ஓட்டத் தெரிந்த ஆள் வேண்டுமென்று முதல் நாளே அவரை இங்கே தங்க வைத்திருந்தார்கள். "அம்மா, பயப்படாதீங்க, புது டயரு" என்று சிரித்தார். என்னை நடுவில் உட்கார வைத்து, என் வீட்டுக்காரர் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார். கால்வாய் அந்தப் பக்கம்தான் வரும், விழுந்தால் தான் முதலில் விழ வேண்டுமாம். சொல்லவில்லை, ஆனால் அதுதான் கணக்கு, எனக்குத் தெரியும்.

பின்பக்கக் கேட்டைத் தாண்டிக் காலி மனையில் இறங்கியதுமே வண்டி குதித்தது. ஒவ்வொரு கல்லுக்கும் எங்களைத் தூக்கித் தூக்கிப் போட்டது. பச்சைமுத்து, "இன்னாமா எகுறுது இது, போன வாரம் ஓட்டிப் பாத்தப்ப மெத்துன்னு போச்சே" என்று முணுமுணுத்தார். என் வீட்டுக்காரர் முன்கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். மனையை எப்படியோ கடந்தோம். மேட்டில் ஏறத் தொடங்கினோம். தார் ரோடு கண்ணுக்குத் தெரிந்தது, அங்கே பஸ் போகிற சத்தம்கூடக் கேட்டது. பாதி மேட்டில் சக்கரங்கள் சுற்றின. சேறு பின்னால் வாரி அடித்தது. வண்டி முன்னே போகவில்லை. பச்சைமுத்து இன்னும் அழுத்தினார். அப்போது வண்டியின் பின்பாகம் மெதுவாகப் பக்கவாட்டில் நழுவியது. கால்வாய்ப் பக்கம். பழுப்புத் தண்ணீர் நுரை கட்டி ஓடுவதை நான் குனியாமலே பார்த்தேன்.

பச்சைமுத்து பிரேக்கை மிதித்து நிறுத்தினார். "கால எடுத்தா எறங்கிடும் சார். எடுக்க மாட்டேன். இன்னாத்துக்கு இப்படிச் சுத்துது? நல்ல டயராச்சே."

என் வீட்டுக்காரர் எட்டிச் சக்கரத்தைப் பார்த்தார். "காத்து" என்றார். "நேத்திக்குக் காலம்பர நான்தான் அடிச்சேன். கார் பம்புல. முப்பது."

"அய்யோ, ஏன் சார்?"

"தொப்பையா இருந்தது. பாக்க முடியலை."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆவக்காய் பாட்டிலில் மண் எடுத்து, ஜே.சி. ரோட்டுக்கு நடையாய் நடந்து, எட்டு மடிப்பு பார்த்து, கடைசியில் இதுவா? இந்த மேட்டிலிருந்து திரும்பிப் போனால் எனக்கு இன்று டயாலிசிஸ் இல்லை. நாளைக்கு நெஞ்சில் தண்ணீர். எல்லாம் ஒரே கணத்தில் கண்முன் வந்தது. திட்டத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"ஏன்னா, சண்டையை அப்புறம் வெச்சுக்கறேன். இப்ப இறங்கி அதை வெளியில விடுங்கோ." தலையிலிருந்து ஒரு கொண்டை ஊசியை உருவிக் கொடுத்தேன்.

பச்சைமுத்து இறங்க முடியாது. நான் இறங்கி என்ன செய்ய? அவர்தான் போக வேண்டும். குளியலறை ஈரத்தில்கூடச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறவர், வலையை விலக்கி அந்தச் சேற்றில் காலை வைத்தார். முழங்கால் வரை போயிற்று. ஒரு செருப்பு அப்போதே போய்விட்டது. வண்டியைப் பிடித்துக்கொண்டே முன்பக்கமாகச் சுற்றி, கால்வாய்க்கு எதிர்ப்பக்கத்து இரண்டு சக்கரங்களுக்குப் போனார். ஊசியால் வால்வை அமுக்கினார். உஸ்ஸென்று காற்று வெளியேறியது. மீட்டர் கிடையாது. எப்போது நிறுத்துவது என்று அவருக்கு எப்படித் தெரியும் என்று நினைத்தேன். தெரிந்தது. இத்தனை நாள் தினமும் காலையில் நின்று பார்த்த தொப்பை அல்லவா? எந்த அளவு வந்தால் அவருக்குப் பயம் வருமோ, அந்த அளவு வந்ததும் ஊசியை எடுத்தார்.

அப்புறம் கால்வாய்ப் பக்கம். முன்சக்கரம் முடிந்தது. பின்சக்கரம் சீட்டுக்குச் சற்றுப் பின்னால், கரையின் விளிம்பில். அவர் குனிந்தபோது கீழே மண் சரிந்து ஒரு கால் இழுத்துக்கொண்டது. நான் ஓரத்துக்கு நகர்ந்து, கையை நீட்டி அவர் சட்டைக் காலரைக் கெட்டியாகப் பிடித்தேன். எட்டிய கை இடது கை.

"அலமேலு, அந்தக் கையை எடு!"

"எடுக்க மாட்டேன்."

"நரம்பு போயிடும்டி! எடு!"

"நீங்க போயிட்டா நரம்பை வெச்சுண்டு நான் என்ன பண்றது? அமுக்குங்கோ முதல்ல!"

அவர் அழுதுகொண்டேதான் அமுக்கினார். அவருடைய பாதிப் பாரம் என் கையில். மணிக்கட்டிலிருந்து தோள்வரை சுரீரென்று ஒரு வலி இழுத்தது. நான் விடவில்லை. காற்றுப் போய் டயர் தொப்பை போட்டதும், கம்பியைப் பிடித்து எப்படியோ மேலே ஏறி என் மேலேயே விழுந்தார். பச்சைமுத்து சாமியைக் கூப்பிட்டுக்கொண்டே மெதுவாக அழுத்தினார். வண்டி ஒரு முறை உலுக்கியது. பிறகு டயர் சேற்றின் மேல் பரவி, அடியிலிருந்த கெட்டி மண்ணைப் பிடித்து ஏறியது. தார் ரோட்டில் போய் நின்றோம். பச்சைமுத்து ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டார்.

டாக்ஸிக்காரர் எங்களைப் பார்த்துவிட்டு சீட்டில் செய்தித்தாள் விரித்தார். என் வீட்டுக்காரர் இடுப்பு வரை சேறு, ஒரு காலில் மட்டும் செருப்பு. என் கையைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு உயிர் போகிறது, ஆனால் விரலெல்லாம் கால்வாய்ச் சேறு. அந்தக் கையில் அழுக்குப் படக் கூடாது. இரண்டு கைகளையும் என் பக்கம் வராமல் தூக்கி வைத்துக்கொண்டு, என் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். டிராஃபிக் நகரவில்லை. என் வலது கையில் சேறில்லை. நானே தொட்டுப் பார்த்திருக்கலாம். தைரியம் வரவில்லை. ஊரையே கேலி செய்கிறவள் நான், அந்த டாக்ஸியில் எனக்கு வாய் உலர்ந்துவிட்டது. நின்றுபோயிருந்தால்? வலித்ததே, நின்றுபோயிருந்தால்? இத்தனை வருஷம் இந்த மனுஷர் தினமும் காலையில் பட்டது இதுதானா என்று நினைத்துக்கொண்டேன்.

டயாலிசிஸ் சென்டரில் ஸ்னேஹா என்கிற பெண்தான் எனக்கு ஊசி போடுவாள். எங்கள் கோலத்தைப் பார்த்து, "என்னாச்சு ஆன்ட்டி?" என்று ஓடி வந்தாள். என் வீட்டுக்காரர் அவளிடம், "ஒரு நிமிஷம்மா, நான் முதல்ல பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுக் குழாயடிக்குப் போனார். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினார். திரும்பவும் போட்டுக் கழுவினார். வந்து என் பக்கத்தில் நின்று, இரண்டு விரலை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

விரலைச் சிறிது நகர்த்தி வைத்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெருமாளே, பெருமாளே என்பதைத் தவிர வேறெதுவும் எனக்கு வாயில் வரவில்லை.

"ஓடறது" என்றார்.

அப்படியே பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். ஸ்னேஹா ஊசி போட்டு, மெஷினை ஓட விட்டுப் போனாள். என் ரத்தம் குழாய் வழியாகப் போய்த் திரும்பி வருவதைப் பார்த்துக்கொண்டே அவர் சொன்னார், "காத்து கம்மியா இருந்து செத்தவாளையேதான் இத்தனை வருஷம் பாத்தேன் அலமேலு. காத்தை அடிச்சு நானே உன்னைக் கொன்னிருப்பேன்."

அவர் சட்டைப் பையில் என் கொண்டை ஊசி வளைந்து கிடந்தது. கேட்டேன், தரவில்லை.

"சண்டை அப்புறம்னு சொன்னேனே" என்றேன்.

"தெரியும். மெஷின் நிக்க நாலு மணி நேரம் ஆகும். நான் எங்கேயும் போகலை. ஆரம்பி."

ஆவக்காய் பாட்டிலிலிருந்து ஆரம்பித்தேன்.